அரை அங்குலம் தப்பாதவர்

அந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் 'வக்கீல்' என்ற சொல்லைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நில அளவையர். ஒரே மகள் ஒரு வக்கீலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று கட்டிக்கொண்டபோது, மாப்பிள்ளை 'எழுத்து வேலை' பார்ப்பதாக உறவுக்காரர்களிடம் சொல்லிச் சமாளித்தார். ஊரில் பெயரெடுத்த இன்னொரு வக்கீலுக்கு 'நாக்கு' என்று பட்டம் சூட்டியதும் அவரே. ஒரு கல்யாணப் பந்தியில் நாக்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்காகச் சாப்பிடாமல் எழுந்து வந்த பெருமையைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் பெயருக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. அவர் கட்டிய புதுச் சுற்றுச்சுவர் தன் மனைக்குள் ஒன்றரை அடி புகுந்திருக்கிறது, அதை இடிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா வழக்குப் போட்டிருந்தாள்.

"சட்டை தைக்கிற டேப்பை வச்சு நிலத்தை அளந்திருக்கா பாரு!" என்று மனைவியிடம் சிரித்தார்.

"டேப்பு கிடக்கட்டும். அளவு சரியா, தப்பா?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். மனைவிக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. கார் நிறுத்த இடம் பற்றவில்லை என்று எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டவர் அவரேதான்.

சாயங்காலம் மருமகன் வந்தார்.

"மாமா, கல்லை நகர்த்தினீங்களா?"

"மாப்பிள்ளை, வக்கீல் கேக்குற கேள்வியா இது?"

"நகர்த்தியிருந்தா நாமே சுவரை இடிச்சிடலாம். அந்தம்மாகிட்ட நான் பேசுறேன். கோர்ட் படியே ஏற வேண்டாம்."

"இதைச் சொல்லவா அஞ்சு வருஷம் சட்டம் படிச்சீங்க? இதைப் பால்காரன் சொல்லிட்டுப் போவானே!"

மருமகன் கிளம்பிய பிறகு மனைவியிடம் நொந்துகொண்டார். "ஒரு பொய் சொல்லத் துப்பில்லை. இந்த மனுஷன் எப்படித்தான் நம்ம பொண்ணை வச்சுக் காப்பாத்தப் போறாரோ!"

மறுநாள் காலை நாக்கின் அலுவலகத்துக்குப் போனார். காத்திருக்கும் அறையில் ஒரு நாற்காலிதான் காலி. ஊரில் நேர்மைக்குப் பேர்போன முகங்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒழுக்கம் பற்றி மேடைமேடையாகப் பேசும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இவரைக் கண்டதும் பழைய வாரப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"வாங்க ஐயா, வாங்க. அன்னிக்குச் சாப்பிடாமலே போயிட்டீங்க" என்று நாக்கு எழுந்து வரவேற்றார். கோப்பைப் புரட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "தெரிஞ்சே கட்டினதுன்னா சுவர் போச்சு. தெரியாம நடந்த பிசகுன்னா நஷ்டஈட்டோட முடிச்சுச் சுவரைக் காப்பாத்தப் பார்க்கலாம். நீங்க கூண்டுல ஏறி, 'அளவுல தப்பு பண்ணிட்டேன்'னு சொன்னாப் போதும்."

"யாரு, நானா?"

"வயசாச்சு, கண்ணு மங்கல், வேலையில இருந்தப்பவே அடிக்கடி தப்பும்..."

"வேற பொய் ஏதாவது சொல்லுங்களேன்."

"இதைவிட நல்ல பொய் என்கிட்ட இல்லைங்க ஐயா."

"கல்லு மழையில தானா நகர்ந்துடுச்சுன்னு சொல்லக் கூடாதா?"

நாக்கு கைகூப்பினார். "எனக்கும் மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குங்க."

வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறிய அளவையர், உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று உறுதிமொழி எடுத்த கையோடு, "வயசான காலம். தப்பு நடந்திருக்கலாம்" என்று தலையைக் குனிந்து முணுமுணுத்தார். நாக்குக்கு முகமெல்லாம் பல்.

எதிர்த்தரப்பு வக்கீலம்மா எழுந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, அப்போ இருபத்தொன்பது வருஷமா நீங்க அளந்து கொடுத்த மனை எல்லாமே சந்தேகம்தானா? எல்லாத்தையும் மறுபடி அளக்கச் சொல்லிடலாமா?"

நாக்கு கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அளவையரின் பார்வை வேறு இடத்தில் இருந்தது. தையற்காரம்மா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அவள் கழுத்தில் அந்த டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"சந்தேகமா? என் அளவுலயா?" கூண்டின் கட்டையை அவர் ஓங்கித் தட்டினார். "இந்தச் சுவரையே எடுத்துக்குங்க. சரியா பதினெட்டரை அங்குலம் அந்தப் பக்கம் தள்ளி, நூல் கட்டி, நானே நின்னு கட்ட வச்சேன். ஒன்றரை அடின்னு அந்தம்மா எழுதியிருக்கிறதுதான் தப்பு. அரை அங்குலம் விட்டுட்டாங்க!"

நாக்கு கோப்பை மூடிவிட்டார். நீதிபதி அந்த அரை அங்குலத்தையும் விடாமல் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. சுவர் இடிந்தது. "அந்த நாக்கு என்னைப் பொய் சொல்லச் சொன்னான். நம்ம வம்சத்துல அது நடக்குமா? முகத்துல அடிச்ச மாதிரி உண்மையைச் சொல்லிட்டு வந்தேன்" என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். வக்கீல்களே இப்படித்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டியவர்களில் தலைமையாசிரியரும் ஒருவர்.

ஒரு வாரம் கழித்துத் தையற்காரம்மா தன் எல்லையைத் தனியாளாக அளந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் நின்று பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போனார்.

"தொய்வாப் பிடிச்சா அளவு கூடக் காட்டும்மா. உனக்குத்தான் நஷ்டம். அந்த முனையை இப்படிக் கொடு." டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். "ம், இப்போ பாரு. இதுவரைக்கும் உன்னோடது."

"உங்களை நம்பலாமா ஐயா?"

"அளவுல தாராளமா நம்பலாம்."

"மத்ததுல?"

அவர் வாய் திறப்பதற்குள் மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அதுக்கெல்லாம் எங்க மாப்பிள்ளைகிட்ட வாம்மா. எழுத்து வேலை பாக்குறாரு. அவருக்குத்தான் இந்த வீட்டுல பொய் சொல்ல வராது."