ஏழு படகுகளுக்குக் கொடுத்த நேரம்

பயத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு வருடமாகப் பிராங்பேர்ட்டில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய், மற்றவர்களின் பயத்தை ஜேர்மனில் சொல்லித்தான் சம்பாதிக்கிறேன். யாராவது அழுதால் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் இரக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன்.

எதிரே ஜேசுரட்ணம் என்ற மீனவர். அறுபத்தொரு வயது, இங்கே வந்து ஒன்றரை வருடம். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று பெண் அதிகாரி கேட்டார். ஒரு காலத்தில் தான் இருந்த இயக்கத்தின் ஏழு படகுகளை இன்னொரு இயக்கம் அழித்த கதையை, கமெராவுக்கு முன்னால் சொன்னாராம். அடுத்த கிழமை அவரைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்களாம். எந்தப் படகுத்துறை என்று அதிகாரி கேட்க, பெயரைச் சொன்னார். அழித்த இயக்கத்தில் நான் இருந்தேன். அன்று அந்தத் துறையிலும் இருந்தேன்.

இரண்டு இயக்கமும் ஒரே கடலில், ஒரே கடற்படையோடு சண்டை பிடித்தவை. ஒரே சட்டியில் சோறு தின்றிருக்கிறோம். பிறகு இரண்டுக்கும் இடையில் முறுகல் வந்தது. அவர்களுடைய படகுகள் கடற்படையின் கையில் அகப்பட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று எங்கள் தலைமை முடிவு கட்டியது. துறையைச் சுற்றி வளைத்தோம். எனக்கு அப்போது இருபது வயது. நல்ல குரல், ஆட்கள் நம்புவார்கள் என்று வோக்கிடோக்கியை என் கையில் தந்தார்கள்.

எழும்பிப் போயிருக்கலாம். இந்த விசாரணையில் நான் இருக்க முடியாது என்று ஒரு வசனம் போதும். ஏன் என்று அதிகாரி கேட்பார். அங்கே நான் இருந்ததைச் சொல்ல வேண்டி வரும். நான் இயக்கத்தின் அச்சகத்தில் வேலை செய்தவன் என்றுதான் என் மனைவி குணேஸ்வரிகூட நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஜேசுரட்ணம் அவசரப்படாமல் சொன்னார்.

"வோக்கியிலை ஒரு பொடியன் கதைச்சவன். படகுகளை எங்களிட்டைத் தாங்கோ, இல்லாட்டி அக்கரைக்குக் கொண்டுபோங்கோ, அதுவும் ஏலாதெண்டால் நீங்களே கடலிலை தாட்டுவிடுங்கோ, ஆறு மணி மட்டும் ஒருத்தரும் சுடமாட்டினம் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவன். நாங்கள் நம்பினனாங்கள். என்ரை தம்பி படகுக்குள்ளை தேத்தண்ணி வைச்சுக்கொண்டு இருந்தவன். அஞ்சு இருவதுக்கு அடிச்சாங்கள்."

அச்சொட்டாக நான் சொன்ன சொற்கள். கட்டளை மாறியது ஐந்து மணிக்கே எனக்குத் தெரியும். நீ கதைத்துக்கொண்டே இரு என்றார்கள். கதைத்துக்கொண்டே இருந்தேன். இருபத்தொரு பேர் செத்தார்கள்.

ஆறு மணிக்கு அடித்திருந்தால் அது சண்டை. ஐந்து இருபதுக்கு அடித்தால் கொலை. கொலைக்கு இந்த நாட்டில் காலாவதி கிடையாது. அந்தச் சட்டத்தை எத்தனையோ பேருக்கு நானே தமிழில் விளங்கப்படுத்தியிருக்கிறேன். அவர் சொன்னதையெல்லாம் ஒழுங்காக ஜேர்மனுக்கு மாற்றிவந்து, கடைசியில் 'ஆறு மணிக்குச் சுட்டார்கள்' என்றேன். அதிகாரி அப்படியே தட்டச்சு செய்தார்.

தப்பினேன் என்று நினைத்தது ஒரு நிமிடம்கூட இல்லை. இவருடைய வழக்கறிஞர் கொடுத்த கடிதத்தில் ஐந்து இருபது என்று இருந்தால்? பேச்சு மாறுகிறது, இந்த ஆளை நம்ப முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அந்த ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். தம்பி போன வழியில் அண்ணனையும் அனுப்பப் பார்க்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை முடிந்ததும் எழுதியது முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதை எப்படி மறந்தேனோ தெரியாது. வோக்கியில் சொன்ன அதே சொற்களை அதே ஆளுக்கு என் வாயாலேயே சொல்ல வேண்டும். இருமினேன். குரலைத் தாழ்த்தி, வேகமாக வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாளில் ஆறு மணி என்று இருந்த இடத்தில் ஐந்து இருபது என்று வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

கடைசியாக, மொழிபெயர்ப்பாளரை விளங்கிக்கொள்வதில் ஏதும் கஷ்டம் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான், எல்லோரும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். தமிழாக்கிச் சொன்னேன். ஜேசுரட்ணம் அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"முகாமிலை ஜேர்மன் படிப்பிக்கினம். எனக்கு மணி சொல்லத் தெரியும்," என்றார். "அஞ்சு இருவது எண்டு நான் சொல்ல, நீர் இவவுக்கு ஆறு எண்டு சொன்னனீர். நீர் ஆறு எண்டு சொல்லிறது இது ரெண்டாம் தரம்."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். அதை ஜேர்மனில் சொல்ல அந்த அறையில் என்னை விட்டால் வேறு ஆளில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

இரண்டாம் தரமா, அப்படியென்றால் முதல் தரம் எப்போது என்று அவர் ஜேசுரட்ணத்தைப் பார்த்துக் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் தமிழாக்கவில்லை. பதிலை நானே சொல்லத் தொடங்கினேன்.