சாயிப்பின் காலர் பட்டை

ஆரியசாலையில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் லிங்கராஜ் ஒன்றை அசல் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஜெர்மன் பட்டாள உடுப்பின் சின்னங்கள் என்றால் பெங்களூரிலிருந்துகூட ஆள் தேடி வரும். அந்த வாக்குதான் அவருடைய பிழைப்பு. ஒரு முறை அது பொய்த்தால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அதனால் போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று எவனிடமும் மூச்சு விடுவதில்லை. சொன்னால் கள்ளச்சரக்குக்காரன் அந்த ஓட்டையை உடனே அடைத்துவிடுவான். மனைவி பிரேமாவிடம் மட்டும் சொல்வார். ஒருத்தியிடமாவது பெருமை அடித்துக்கொள்ளாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

அன்று பிரேமாவின் தம்பி அஜின் ஒரு ஜோடி காலர் பட்டையோடு வந்தான். கரும்பச்சைத் துணி, அதன் மேல் மங்கலான அலுமினியக் கம்பி வேலை. இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் அதிகாரியின் கழுத்தில் கிடந்ததாம். வாங்க ஆசைப்பட்ட டாக்டர் ஸ்ரீகண்டனையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

“போனக்காட்டு எஸ்டேட்ல பண்டு இருந்த வெள்ளக்கார சாயிப்புக்க பெட்டியில கெடந்ததாக்கும் அத்தான். சண்டைக்குப் போனப்போ கொண்டாந்தது.”

“லிங்கராஜ் சொன்னா மதி, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். நான் எடுத்துக்கறேன்” என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

லிங்கராஜ் புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தார். இந்தக் காலத்து நூலாக இருந்தால் பளீரென்று மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். இது மின்னவில்லை. புரட்டினார். சட்டையிலிருந்து அறுத்தபோது தங்கிய சாம்பல் நூல் துணுக்குகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. போலி செய்கிறவன் இதைத்தான் மறந்துவிடுவான் என்று போன வாரம்தான் பிரேமாவிடம் சொல்லிச் சிரித்திருந்தார். மனசு துள்ளியது. மச்சினன் கடைசியில் உருப்படியாக ஒன்று கொண்டு வந்துவிட்டானே!

வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். எத்தனையோ வருஷம் போனக்காட்டு ஈரத்தில் கிடந்த துணி பூசணம் நாற வேண்டும். இது மணத்தது. வெட்டிவேர், கச்சோலம், கூடவே துளி பச்சைக் கற்பூரம். பிரேமா தன் கல்யாணப் பட்டு இருக்கும் பெட்டியில் முடிந்து போடுகிற முடிச்சின் மணம். புதுத்துணியின் கஞ்சி வாடை போக அவள் வீட்டுப் பெண்கள் கண்ட கைவழக்கம் அது. பெட்டிச் சாவியை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை.

“இதை நம்ம வீட்ல வச்சிருந்தியாடே?”

“இல்லத்தான். சாயிப்புக்க பெட்டியில இருந்து எடுத்தேன், நேரே இஞ்ச வந்தாச்சு.” கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அஜினை விடுங்கள், அவன் பிறவியே அப்படி. ஆனால் மின்னாத நூலைத் தேடவும் ஓரத்தில் துணுக்கை விடவும் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சோறு பரிமாறிக்கொண்டே உம் கொட்டிக் கேட்டவள், கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள்.

மாடியில்தான் வீடு. அவளே சாயாவோடு இறங்கி வந்தாள்.

“டாக்டரு எவ்வளவு நேரம் இருப்பாரு? அசல்னு ஒரு வார்த்த சொல்லி விடுங்க. தம்பிக்கும் ஒரு வழி ஆகட்டும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சாயா டம்ளரைப் பார்த்தாள்.

“டாக்டரே, இது கள்ளச்சரக்கு. எடுக்காண்டாம்” என்றார் லிங்கராஜ்.

டாக்டர் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். அஜின் பட்டைகளை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு, முணுமுணுத்தபடி வெளியேறினான். பிரேமா மட்டும் அங்கேயே நின்றாள்.

“வெளக்குல மின்னாதே அது. நூல் துணுக்குகூட இருந்துதே. பின்ன எப்படிக் கண்டுபிடிச்சிய?”

மன்னிப்பு கேட்பாள் என்று ஒரு நிமிஷம் நம்பிய தன் மடத்தனத்தை நினைத்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து முடிச்சை அவள் மூஞ்சிக்கு நேரே பிடிக்க வேண்டும் போலிருந்தது. சொல்ல வாயெடுத்தார். சொன்னால், அடுத்த பட்டை மணக்காது.

“சாயா ஆறிப்போச்சு. கொண்டு போ” என்றார்.

கல்யாணமான நாள்முதலாக அவளிடம் அவர் சொல்லாமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.