ஸ்டார்ட் பண்ணுனீங்களா?

1

இந்தக் கதை எழுதத் தொடங்கியபோது என்னிடம் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. பதில் இல்லை.

தூத்துக்குடியில் அந்தப் பெருமழை பெய்து வெள்ளம் வடிந்த பிறகு, திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் காத்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும். எதிரே, சேதத்தைப் பார்த்து எழுத வந்த இன்சூரன்ஸ் சர்வேயர். அவர், "தண்ணி வடிஞ்ச பிறகு வண்டிய ஸ்டார்ட் பண்ணுனீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து நின்று ஏதோ சொன்னாள். சரியாக அப்போது வாட்டர் வாஷ் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. போய்க் கேட்கத் தைரியமும் இல்லை. (எழுதுவதற்கு அது போதுமான காரணம்.)

2

முதல் தொடக்கம்: "வானம் கிழிந்தது போல..." வேண்டாம். எல்லோரும் கிழித்துவிட்டார்கள்.

இரண்டாவது: "கிரேசியின் கணவர் தேவபிரசாதம் பொய்யே சொல்லத் தெரியாதவர்." இதுவும் வேண்டாம். வீட்டில் இருந்துகொண்டே, "ஹார்பர் கேட்டுக்கு வந்துட்டேன் சார்" என்று போனில் சொல்கிற மனிதர்தான்.

அவருடைய பழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளை வாகைக்குளம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது தொழில். சாவியைச் செருகியதும் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம். 'ஆமென்' என்று வாய் சொல்லும்போதே கை சாவியைத் திருப்பிவிடும். பின்சீட்டில் பிலிப்பைன்ஸ்காரர்கள் இருந்தால் அவர்களும் ஆமென் சொல்வார்கள். கிரேசிக்கு இதில் தனிப் பெருமை. "எங்க வீட்டுக்காரர் வண்டில கப்பல்காரங்களே ஜெபம் பண்ணுதாங்க" என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் பக்கத்துப் பாயில் இருப்பவர்களிடம் சொல்லுவாள்.

வெள்ளம் வடிந்த காலையில் சேறு படிந்த காருக்குள் உட்கார்ந்து ஜெபித்தார். வழக்கத்தைவிட நீளமான ஜெபம். ஆமென். கை திருப்பிவிட்டது. எஞ்சின் 'டக்'கென்று எதிலோ முட்டியதுபோல் நின்றது.

[பிஸ்டன் காற்றை அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் பிஸ்டனைத் தாங்கும் இரும்பு ராடு வளைகிறது. இதற்கு மேல் இயற்பியல் எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

3

சர்வீஸ் சென்டரில் கிளைட்டன் என்ற அட்வைசர் விவரம் சொன்னான்.

"அண்ணாச்சி, சும்மா நின்ன வண்டில தண்ணி புகுந்தா கிளெய்ம் உண்டு. நீங்களே ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போச்சுன்னா கிடையாது. அதுக்குத் தனியா பணம் கட்டிக் கவர் எடுத்திருக்கணும்."

"பிரீமியம் வருசா வருசம் ஏறுது. அத விட்டுட்டோம்" என்றாள் கிரேசி. "வளைஞ்ச ராட மட்டும் மாத்த முடியாதா தம்பி?"

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா. இப்பம் கார் கம்பெனிக்காரன் பாதி எஞ்சினா சேத்துத்தான் அனுப்புதான். ஹெட்லைட்ல பல்பு போனாலே லைட்டையே மாத்துதோம்."

"அப்போ பல்லு வலிச்சா தலைய மாத்துவியளோ?"

கிளைட்டன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஸ்டார்ட் பண்ணலன்னு சொல்லிருங்க. கயிறு கட்டி இழுத்துட்டு வரும்போது வண்டி கியர்ல கிடந்துச்சு, அதுல எஞ்சின் சுத்தி வளைஞ்சிட்டுன்னு நாங்க பேசிக்கிடுதோம்."

இழப்பீடு கிடைக்காவிட்டால் காரை நிற்கிற நிலையிலேயே விற்க வேண்டும். தேவபிரசாதம் வேறு யாரிடமாவது டிரைவராகச் சேர வேண்டும். கிரேசி கணவரை ஓரமாக அழைத்துப் போனாள்.

"சார் கேட்டா 'இல்ல'ன்னு சொல்லுங்க. ஒரு வார்த்ததான்."

"ஜெபம் பண்ணுனத சொல்லலாமா?"

"ஜெபத்தோட நிறுத்திக்கிடுங்க."

"ஏளா, ஜெபத்தோட நான் என்னைக்கு நிறுத்தியிருக்கேன்?"

4

சர்வேயர் ராமானுஜன். நெற்றியில் திருமண். முதல் வரைவில் அவரைக் கறாரான, கொஞ்சம் கெட்ட மனிதராக எழுதியிருந்தேன். அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்ல இவர்களுக்கு வசதியாக இருக்கும் என்றுதான். நான் பார்த்த முகத்துக்கு அது பொருந்தவில்லை. இப்போது நல்லவராக இருக்கிறார். அதனால் சிக்கல் கூடிவிட்டது. வேண்டிய பதிலை அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

"தண்ணி வடிஞ்ச பிறகு வண்டிய ஸ்டார்ட் பண்ணுனீங்களா? விவரம் தெரிஞ்சவங்க யாரும் பண்ண மாட்டாங்க. நீங்களும் பண்ணியிருக்க மாட்டீங்க, சரிதானே?"

தலையாட்டினால் போதும்.

கிரேசி, "ஆமா சார், நாங்க வண்டியத் தொடவே" என்று

கிரேசி கணவரைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை

இரண்டு வாக்கியங்களையும் முடிக்க முடியவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தது குறுக்கே வந்தது. அவள் எழுந்து நின்றாள். இந்தப் பொய்க்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

ஆகவே கிரேசி எழுந்து நிற்கிறாள்.

"ஸ்டார்ட் பண்ணுனாரு சார். தெனமும் ஜெபம் பண்ணித்தான் வண்டிய எடுப்பாரு. அன்னைக்கும் ஜெபம் பண்ணுனாரு, சாவியத் திருப்பிட்டாரு. அத இல்லன்னு சொல்லி எனக்கு ஒரு எஞ்சின் வேண்டாம்."

ராமானுஜன் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"நானும் 'நாராயணா'ன்னு சொல்லித்தாம்மா பைக்க எடுப்பேன்" என்றார். பிறகு அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

5

வெளியே திருநெல்வேலி ரோட்டில் வெயில். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது தேவபிரசாதம் கேட்டார்.

"ஏளா, எனக்கு ஒண்ணு சொல்லித் தந்துட்டு நீ வேற ஒண்ணு சொல்லுத?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். எப்படியும் நீங்க உண்மையச் சொல்லிருவிய. பொறவு ஊரெல்லாம் உங்களுக்குத்தான் நல்ல பேரு. இந்தத் தடவ நான் முந்திக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார்.

கிளெய்ம் வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வருகிறது, அவர் தன் காரை ஓட்டுகிறார். இன்னொன்றில் வரவில்லை, அடுத்தவர் காரை ஓட்டுகிறார். இரண்டிலும் கிரேசி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலை நிமிர்ந்து, அவருக்கு ஓரடி முன்னால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறாள். அந்த நடையை என்னால் மாற்ற முடியவில்லை. மாற்ற மனமும் இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியின் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.