மாத்திரையைக் கொடுத்தவன் பெயர்

1

இந்தக் கதை எனக்கு நடந்ததல்ல. எங்கள் குடியிருப்பின் சலவை அறையில், துணி காயும்வரை காத்திருந்தபோது கோரின் சொன்னது. மேரிலாந்தில் பல வருடங்களாக என் பக்கத்து வீட்டுக்காரி. ரஷ்ய மொழி படித்தவள். அரசின் ரகசிய ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு உண்மை கண்டறியும் கருவியின் முன் உட்கார வேண்டும்.

"எழுதிக்கோ. பேரை மட்டும் மாத்திடு," என்றாள். மாற்றிவிட்டேன்.

2

சோதனை நாளன்று காலை வானம் இருண்டு கிடந்தது, அவள் மனத்தைப் போலவே. அவள்...

(வேண்டாம். அன்று நல்ல வெயில். கல்லூரியில் கஞ்சா புகைத்ததை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். மறைக்க ஒன்றுமில்லை என்றுதான் நம்பிப் போனாள்.)

ஜன்னல் இல்லாத அறை. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, கையில் ஒரு பட்டை, விரல்களில் கம்பி. சோதனை செய்தவரை ஹாலோவே என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். கோரின் படித்துவிட்டு, "இல்ல, ரொம்பத் தன்மையா பேசினார். அதான் பயமா இருந்துச்சு," என்றாள்.

"போதைப்பொருள் கேள்வி வரும்போது மட்டும் உங்களுக்கு மூச்சு மாறுது, மேடம்."

"எல்லாத்தையும் எழுதிட்டேனே சார்."

"எழுதாதது ஏதாவது இருக்கான்னு யோசிங்க. அவசரமில்ல."

அவர் காத்திருந்தார். அந்த அமைதியில்தான் அவளுக்கு அந்தக் குளிர்காலம் ஞாபகம் வந்தது. நிச்சயித்த கல்யாணம் முறிந்து, அண்ணன் வெண்டல் வீட்டு சோபாவில் படுத்துக் கிடந்த நாட்கள். ஆம்புலன்ஸில் வேலை செய்யும் வெண்டல் அப்போது நோயாளியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதால், மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரைகளை வைத்திருந்தான்.

"எங்கண்ணனோட மாத்திரை. கொஞ்ச நாள் போட்டுக்கிட்டேன்."

"உங்களுக்கு என்ன வலி?"

"வலின்னு இல்ல. போட்டா எதுவும் தோணாது. அதுக்குத்தான்."

"நீங்களா எடுத்தீங்களா, அவரே கொடுத்தாரா?"

3

[இங்கே நான் நின்றுவிட்டேன். "நானாதான் எடுத்தேன்" என்று அவளைச் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அண்ணன் தப்பித்தான். கதையின் உயிர் போயிற்று. கிழித்துப் போட்டேன்.]

தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது அங்கே குற்றம்; விஷயம் வெளியே போனால் வெண்டலின் வேலை போகும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பொய்யை அவள் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த நாற்காலியில் முழுதாக நம்பினாள். உள்ளங்கை ஈரமாகி, கம்பி வழுக்கியது.

"அவனே கொடுத்தான். நான் அழுதேன், கொடுத்தான்."

"அவர் முழுப் பேர் சொல்லுங்க."

சொன்னாள். எழுத்துக்கூட்டியும் சொன்னாள்.

4

அதன்பின் அண்ணன் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் அதைச் சொல்லாமல் மழை பற்றிப் பேசினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். "நீ பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன்," என்றாள். வழி முழுக்க கார் ஜன்னல் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தாள்.

வெண்டல் பின்கட்டில் கோழி வாட்டிக்கொண்டிருந்தான்.

"கோரி, உன் வேலை விஷயமா விசாரிக்க அரசாங்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. அடையாள அட்டையெல்லாம் காட்டினாங்க."

கோரின் தட்டைக் கீழே வைத்தாள். "என்ன கேட்டாங்க?"

"நீ போதை கீதை தொட்டிருக்கியான்னு. இவ தலைவலிக்கே மாத்திரை போடாத பயந்தாங்கொள்ளின்னேன்." சிரித்தான். "நீங்க ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களான்னு என்னையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. இல்லவே இல்லன்னுட்டேன். எழுதிக்கிட்டாங்க. உன்னை விட்டுக்கொடுப்பனா?"

அரசு விசாரணையில் பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். நான் அவளைப் பார்க்கவில்லை.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் அவளைக் கட்டிக்கொள்கிறான். (நம்ப முடியவில்லை.) இன்னொன்றில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான், அவள் வெளியே... (இதுவும் இல்லை.) நடந்ததை நான் பார்த்தேன். ஆனால் கோரின் சொல்லிவிட்டாள்: "நான் அவனை உட்காரச் சொன்னது வரைக்கும் எழுது. அதுக்கப்புறம் எங்களோடது."

ஆகவே அடுத்த வாக்கியத்தை நீங்கள்தான் அவனிடம் சொல்லவேண்டும். நான் அவர்களை விட்டுப்போகும் இடம் இதுதான்: வெண்டல் பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைக்கிறான்.

"வெண்டல், அடுப்பை அணைச்சிட்டு வா. கொஞ்சம் உட்காரு," என்கிறாள் கோரின்.

"என்னடி, முகமே சரியில்ல?" என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.