பாவு விரித்த தெருவில் ஒரு குட்டி

1

இந்தக் கதை செவிலிமேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்தது. ஒரு பெண் மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடையோடு நின்றிருந்தார். இடுக்கு வழியாக ஒரு கறுத்த மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"நாய்க்குட்டி உங்களதாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லைங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிருந்து பாத்துட்டுச் சொல்லணும்."

பேருந்து வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. அந்தக் குட்டி என்ன ஆனதோ என்ற கவலை மட்டும் கட்டியதல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மகள் கல்யாணமாகிப் போனபின் துர்காதேவியின் வீட்டில் ஒரு வெறுமை—'

வேண்டாம். ஒரு பெண் நாய் வளர்க்க ஆசைப்பட்டால் பின்னால் ஒரு துக்கம் இருந்தே ஆக வேண்டுமா? துர்காதேவிக்கு நாய் பிடிக்கும். அவ்வளவுதான்.

நாய்க் காப்பகத்தில் ஷாரோன் என்ற பெண் அவரிடம் நிறையக் கேள்வி கேட்டாள்.

"வீட்ல எப்பவும் ஆளு இருப்பீங்களாக்கா?"

"நாங்க எங்கம்மா போறோம்? நானும் அவரும் தறியிலதான் குந்திக்கினு இருப்போம்."

"சூப்பர்க்கா. இதுக்கு அம்மா தெரு நாயி. அப்பா யாரோ பெரிய எடம் போலக்குது, காதப் பாருங்க."

ஒரு காது விறைத்து நின்றது. இன்னொன்று மடிந்து கிடந்தது.

"ஞாயித்துக்கெழம போன் பண்றேன். செட் ஆவலன்னா சொல்லிடுங்க, தப்பா நெனைக்க மாட்டோம். புடிக்காத வூட்ல இருக்கறதுக்கு அது இங்கயே இருக்கட்டும்."

(இந்தக் கடைசிச் சொற்களை ஷாரோனுக்குக் கொடுத்தது நான்தான். கொடுத்தபின் அவள் என்னைவிட நல்லவளாகிவிட்டாள்.)

3

கணவர் ஆனந்தகுமாரைக் கெட்டவராக எழுதினால் வேலை சுலபம். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவர் பயம் நியாயமானது.

"ஆளு இருக்கோம்ன்ற. ரெண்டு பேரு கையும் காலும் தறியில இருக்குது. அது பட்டுல ஒரு கடி கடிச்சா இன்னா பண்ணுவ?"

"பைரவர் சன்னதியில வெளக்கு ஏத்துறீங்க இல்ல? அங்க நாயி இல்லியா?"

"அது கல்லு நாயிமா. கடிக்காது."

4

சனிக்கிழமை காலை பாவு விரித்தார்கள்.*

* பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். அவற்றைத் தெருவில் இழுத்துப் பிடித்து, அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்தால்தான் தறிக்குத் தாங்கும். அரிசிக் கஞ்சி, பசியுள்ள குட்டி.

குட்டியை வாசல் கம்பியில் கட்டியிருந்தார் துர்காதேவி. கயிறு அவிழ்ந்தது. (அவிழ்த்தது நான். கதைக்கு வேறு வழியில்லை.)

குட்டி நேராகப் பாவுக்கு அடியில் ஓடியது.

"புடிங்கப்பா அத!" என்று எதிர்வீட்டு மாணிக்கவேல் கத்தினார். பிடிக்க யாருக்கும் கை இல்லை. ஆளுக்கொரு பக்கம் இழைகளைப் பிடித்திருந்தார்கள். விட்டால் அத்தனை பட்டும் சிக்காகிவிடும்.

இந்த இடத்துக்கு ஒரு முடிவு: 'குட்டி எம்பி, பட்டைப் பல்லால் பற்றி—' கை ஓடவில்லை. இன்னொன்று: 'ஆனந்தகுமார் விட்ட உதையில்—' அவர் உதைக்கிறவர் இல்லை. உதைத்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பேனாவை வைத்துவிட்டு, சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து பார்த்தேன்.

குட்டி பட்டைத் தொடவே இல்லை. பாவிலிருந்து கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் விழுந்த சொட்டுகளை நக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்து வந்தது. ஆனந்தகுமாரின் கால் பெருவிரலில் விழுந்திருந்ததையும் நக்கியது.

தெருவுக்கே போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னாப்பா, ஊட்ல பட்டினி போட்றியா?" என்று மாணிக்கவேல் சிரித்தார்.

ஆனந்தகுமார் மனைவி பக்கம் திரும்பினார். "துர்கா, கஞ்சி மீந்தா கீழ ஊத்திடாத," என்றார்.

5

ஒரு நாள் கடிக்காத குட்டி என்றைக்கும் கடிக்காது என்று நான் சொல்லவரவில்லை. முடிச்சை இறுக்கிப் போட வேண்டும். பாவு நாளில் உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். பல் முளைக்கும்போது கடிக்க வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். ஓர் உயிரிடம் அன்பாக இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வேலைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஷாரோனின் போன் வந்தபோது தறி ஓடவில்லை. குட்டி, நெய்கிறவர் கால் வைக்கும் தறிக்குழிக்குள் இறங்கி, ஆனந்தகுமாரின் பாதத்தில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. மிதித்தால் விழித்துவிடும் என்று அவர் மிதிபலகையை அழுத்தாமல் இருந்தார். பக்கத்தில் துர்காதேவி, இழை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம்.

போனை எடுத்தவர் ஆனந்தகுமார். ஷாரோன் கேட்ட கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேசத் தொடங்கிய முதல் வரியை மட்டும் தருகிறேன்.

"மெள்ளப் பேசும்மா. தூங்கிக்கினு இருக்குது."