இடப்பக்கம் போன தட்டு

1958 மழைக்காலம் முழுக்க அரிகிருஷ்ணனுக்கு இருப்பு கொள்ளவில்லை. நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கும்போது பாதி வரியில் பேனா நின்றுவிடும். எழுந்து ஜன்னலுக்குப் போவான், மழையைப் பார்ப்பான், திரும்பி வந்து உட்காருவான், மறுபடி எழுந்திருப்பான். நாற்பத்து மூன்று வயசு ஆளுக்கு இது என்ன கூத்து என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். அரியாங்குப்பம் ஆற்றங்கரை மணல்திட்டில் துப்பாக்கிச் சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங் எந்திரம் சாஸர் மாதிரி ஒரு களிமண் தட்டை ஆற்றுப் பக்கம் வீசும். அது எந்தத் திசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. "அலே" என்று குரல் கொடுத்ததும் தட்டு கிளம்பும், சுட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பி நாலு வருசமாகியும் அந்த அலே மாறவில்லை. அவர்கள் விட்டுப்போன இன்னொரு வழக்கமும் மாறவில்லை. பொங்கல் கழிந்து கடலூர்க்காரர்களோடு நடக்கும் பந்தயத்துக்கு ஐந்து பேரைப் பொறுக்குவார்கள். மூன்று வருசம் தொடர்ந்து அந்த ஐவரில் வராதவன் அடுத்த ஒரு வருசம் அங்கே துப்பாக்கியைத் தொடக் கூடாது. மேசை போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் உடைக்கிற தட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அரிகிருஷ்ணன் இரண்டு வருசம் தவறிவிட்டான். இது மூன்றாவது. நாலு பேர் ஏற்கெனவே முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு அவனும், தட்டாஞ்சாவடியில் லாரி ரிப்பேர் செய்கிற சாமிக்கண்ணுவும் மிச்சம். டிசம்பர் கடைசி ஞாயிறு இருவருக்கும் போட்டி, ஆளுக்குப் பத்துத் தட்டு.

போன வருசம் தோற்றதும் அரிகிருஷ்ணன் ஒரு மஞ்சள் கண்ணாடி வாங்கினான். வானம் வெளுப்பாக இருந்ததால்தான் தட்டு தெரியவில்லை என்பது அவன் எண்ணம். அதற்கப்புறம் துப்பாக்கிக் கட்டையின் அடியில் ரப்பர் மெத்தை ஒட்டினான், தோளில் இடிக்காமல் இருக்க. மிஷன் தெரு செருப்புக்காரரிடம் தோட்டா செருகும் பெல்ட் தைக்கக் கொடுத்தான். இடது கைக்கு ஆட்டுத்தோல் கையுறை வந்தது. ஒவ்வொன்று வந்த அன்றும் கொஞ்சம் அமைதியாகத் தூங்குவான். மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிடும். இன்னும் ஏதோ ஒன்று குறைகிறது, அது வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று மனசு அரிக்கும்.

தோட்டா மட்டும் அவனிடம் அருமையாக இருந்தது. ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்துக் கமாந்தானிடம் வாங்கிய நூறு தோட்டா, அசல் பிரான்சு சரக்கு. சிவப்புக் காகிதக் குழாயும் பித்தளை அடியுமாகப் பார்க்கவே லட்சணமாக இருக்கும். அதை நல்ல நாளுக்கென்று வைத்திருந்தான். ஞாயிறுகளில் சங்கத்துத் தோட்டாவில் நாலோ ஐந்தோ சுட்டுவிட்டு, மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இத்தனை நாள் அவை இறுக்க மூடிய பிஸ்கட் டின்னில் கிடந்தன. அது கௌரவமாக இல்லை என்று, உள்ளே நீல வெல்வெட்டு வைத்த மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லி அதில் அடுக்கினான். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பெட்டி. தினம் பத்துத் தடவை திறப்பான், எண்ணாமல் எண்ணுவான், மூடுவான்.

"தோட்டாவ இன்னா ஊறுகாயா போட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள் அவன் மனைவி வசந்தா. "எடுத்தா கெட்டுப்பூடுமா?"

போட்டியன்றைக்குத்தான் சுடப்போகிறேன், அதுவரைக்கும் அதைத் தொடாதே என்று மட்டும் சொன்னான். ஈரத்துணி உலராத அந்த மழையில் வெல்வெட்டுப் பெட்டியைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை, வேறு வேலை இருந்தது.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால், ஞாயிறு சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குப் போனான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. சாமிக்கண்ணு பட்டறைக்குப் பின்னால் முந்திரித் தோப்பில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பழைய துப்பாக்கி. கட்டை பிளந்து, செம்புக் கம்பி சுற்றியிருந்தது. மண்மேட்டுக்குப் பின்னால் அவன் மனைவி குஞ்சம்மாள் குந்தியிருந்து கொட்டாங்குச்சிகளை நினைத்த பக்கம் எல்லாம் வீசினாள். அவன் சுட்டான். தப்பினால் அவள் மேட்டுக்குப் பின்னாலிருந்தே ஏசினாள். தரையெல்லாம் உடைந்த ஓடு, கால் வைக்க இடமில்லை. தோட்டா பித்தளைக் கூடு. மருந்தும் ரவையும் அவனே அடைத்து, வாயில் மெழுகு வைத்தது. தினம் பொழுது சாய்வதற்குள் பத்துப் பதினைந்து என்றான். தோட்டா தீர்ந்த நாளில் வெறும் துப்பாக்கியைத் தூக்கித் தூக்கித் தோளில் வைத்துப் பழகுவானாம்.

"நீயும் ரெண்டு போட்டுப் பாரேண்ணே. எம் பொஞ்சாதி கைக்கு வேல வேணும்னு கேக்குது."

அரிகிருஷ்ணன் தோட்டா கொண்டுவரவில்லை என்றான். என் தோட்டா இருக்கிறதே என்றான் சாமிக்கண்ணு. அரிகிருஷ்ணன் ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் என்று சாமிக்கண்ணு கேட்கவில்லை. வீடு வரும் வரை அரிகிருஷ்ணனுக்கு உடம்பு கூசியது. கொட்டாங்குச்சியைச் சுடுவதும் ஒரு சுடுதலா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தான். போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

போட்டி நாளில் மழை விட்டிருந்தது. ஆற்றின் மேல் வெளுத்த வெளிச்சம். முப்பது பேர் கூடியிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பலராமன்தான் சங்கத் தலைவர். எல்லாருக்கும் முசியே பலராமன். ஆளுக்கு ஒவ்வொரு தட்டாக மாறி மாறிச் சுட வேண்டும், கூப்பிட்டதும் பத்து எண்ணுவதற்குள் அலே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தத் தட்டு போனதாகக் கணக்கு என்றார்.

முதல் முறை சாமிக்கண்ணு. தட்டு தூளாயிற்று.

அரிகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டினான், கையுறையை இழுத்துவிட்டான், பெல்ட்டிலிருந்து சிவப்புத் தோட்டாவை உருவித் துப்பாக்கியில் செருகினான். பாதிதான் போயிற்று. உருவி இன்னொன்றைப் போட்டான். அதுவும் பாதி. காகிதம் மழை ஈரத்தில் நமுத்து, ஊறினாற்போல் இருந்தது. மூன்றாவதை எடுக்கும்போது முசியே பலராமன் ஒன்பது, பத்து என்று முடித்துவிட்டார்.

மறுமுறை ஒன்றை அழுத்தி உள்ளே தள்ளினான். துப்பாக்கி மூடிக்கொள்ளவில்லை. வியர்வையில் மஞ்சள் கண்ணாடி புகைந்து, உலகமே மோர்க்குழம்பு மாதிரி தெரிந்தது. அந்தத் தட்டும் போயிற்று. பெட்டி விஷயம் தெரிந்த யாரோ பின்னாலிருந்து, வெல்வெட்டு மெத்தையில் படுத்து உப்பிப்போச்சு என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சாமிக்கண்ணு பக்கத்தில் வந்து பையைத் திறந்து காட்டினான். "எட்டு எடுத்துக்கோண்ணே. ஒரே சைசுதான்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மேசை கண்ணில் பட்டது. அதன் பின்னால் காலி நாற்காலி. எடுத்துக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றினான், கையுறையையும் கழற்றினான். ரப்பர் மெத்தை முதல் இரண்டு முறை சட்டையில் மாட்டி இழுத்தது. அதைக் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டான். அதற்கப்புறம் துப்பாக்கி தோளில் தானாக உட்கார்ந்தது.

எட்டில் ஐந்து உடைந்தது. சாமிக்கண்ணுவுக்குப் பத்தில் ஏழு.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதல் இரண்டும் சரியாகப் போயிருந்தால் ஏழுக்கு ஏழு வந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அரிகிருஷ்ணனுக்கு அந்தப் பேச்சு தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. தோட்டாதான் காரணம், கை இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே ஒரு வருசம் இருக்கலாம். முசியே பலராமன் யோசித்தார். எதிராளி சம்மதித்தால் இரண்டு தட்டு கூடுதலாகத் தரலாம், இரண்டும் உடைந்தால் சமம், மறுபடி போட்டி என்றார். சாமிக்கண்ணு யோசிக்கக்கூட இல்லை. இன்னும் இரண்டு பித்தளைத் தோட்டாவைக் கொடுத்தான்.

"அலே."

தட்டு நேராக மேலே போனது. உடைந்தது. கூட்டத்தில் ஒருத்தன் கைதட்டினான்.

இப்போது ஒன்றுதான். அரிகிருஷ்ணன் கால் மாற்றி நின்றான், மறுபடி மாற்றினான். ஏழு, எட்டு என்று எண்ணும்போது குரல் கொடுத்தான்.

தட்டு இடப்பக்கமாக, தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்தது. அவன் குழல் அதன் பின்னாலேயே ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. சுட்டபோது தட்டு எங்கோ போய்விட்டிருந்தது. முழுசாக ஆற்றில் விழுந்து ஒரு வட்டம் போட்டு முழுகியது.

அந்த வட்டம் விரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, முன்னால் தப்பின மூன்றும் எந்தப் பக்கம் போனவை என்று ஞாபகம் வந்தது. மூன்றும் இடப்பக்கம்.

சங்கத்துச் சிப்பந்தி இராமதாஸ் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, துண்டால் தட்டிவிட்டான். அரிகிருஷ்ணன் போய் உட்கார்ந்தான். முசியே பலராமன் பென்சிலைக் கொடுத்தார். சாமிக்கண்ணு பேருக்கு நேரே ஏழு. தன் பேருக்கு நேரே ஆறு. பத்திரம் எழுதுகிற கை, இலக்கம் அழகாகவே விழுந்தது. மற்றவர்கள் பொழுதுபோக்காகச் சுட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அலேவுக்கும் அவன் தோள் துள்ளியது. பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து கோடு போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இலை போட்டாள். அவன் உட்காராமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான்.

"எடப்பக்கம் போனா எனக்கு வராது," என்றான். "தட்டு பின்னாலயே போறேன். முன்னால போவணும்."

"இத்தினி வருசமா ஒருத்தரும் சொல்லலியா?"

"நான் சுட்டாத்தான சொல்லுவாங்க."

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, இனி ஒரு வருசம் அங்கே சுட முடியாதே, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாள். அங்கேதான் முடியாது என்றான் அவன். சாமிக்கண்ணுவிடம் மேசைப் பக்கத்திலேயே கேட்டாகிவிட்டதாம். மருந்தும் ரவையும் நீ வாங்கிக்கொண்டு வா, அடைக்க நான் காட்டுகிறேன் என்றானாம். இன்றைக்கே வரலாமா என்று கேட்டதற்கு, சோறு தின்றுவிட்டு வா அண்ணே, எங்கே ஓடப்போகிறேன் என்று சிரித்தானாம்.

"அப்ப தின்னுட்டுப் போங்க."

நாலு கவளம் உள்ளே போயிருக்கும். வெளியே வெயில் ஒரு பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. மோருக்குக் காத்திருக்காமல் கை கழுவிவிட்டு, துப்பாக்கி உறையைச் சைக்கிளில் கட்டினான். பெல்ட்டு ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொள்ளவில்லையா என்று வசந்தா கேட்டாள். அவன் காதில் விழவில்லை, தெருமுனை திரும்பிவிட்டான்.