நன்றித் தீர்மானம்

ஜூன் மாதம் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. கணக்குப் பீரியடில் விளையாட்டு வாத்தியார் வந்து உட்கார்ந்து, "சத்தம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் செல்போனில் மூழ்கிவிடுவார். பத்தாம் வகுப்புக்கு இதுதான் கணக்குப் பாடம். என் மகள் அகிலா அந்த வகுப்பில் படித்தாள். காலாண்டுத் தேர்வில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப் எடுக்க வேண்டும். அதற்கப்புறம் என்னென்னவோ படிப்புகளின் பெயரைச் சொல்வாள், எனக்குப் பாதி விளங்காது. நான் பட்டுத்தறியில் உட்காருகிறவள். தறி எனக்குச் சோறு போடுகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டு அவள் தறிக்கு வந்தால் வரட்டும். கணக்கில் தோற்றதால் வந்தாள் என்ற பேச்சு மட்டும் என் காதில் விழக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரில் ஒருவரைத் தலைவராகப் போடுவார்கள். அந்த வருடம் நான். சுவரில் "தலைவர்: ஏலவார்குழலி" என்று பெயின்டில் எழுதியிருந்தார்கள். டீச்சர் கேட்டு மூன்று மனு கொடுத்தேன். தலைமையாசிரியர் வரதராஜன் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

"மேல அனுப்பியிருக்கேன்மா."

மேலே என்றால் எங்கே, கைலாசத்துக்கா என்று கேட்க நாக்கு துடித்தது. பிள்ளை அவரிடம் படிக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

வழி காட்டியவன் ஐயம்பேட்டை சிவராஜ். டிஷ் மாட்டுவது அவன் தொழில்.

"அக்கா, ஃப்ரீ டிஷ்ல கிளாஸ் கிளாஸா பாடம் போட்டுக்கினு இருக்காங்க. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி வெச்சா போதும், மாசா மாசம் துட்டு கட்ட வேணாம். இது இருக்கறதே நெறைய பேருக்குத் தெரியாது."

எங்கள் கேபிள்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பதினாறு சீரியல் சேனல் ஓட்டுகிற அந்த மனிதர், "அத யாரும்மா பாக்கறாங்க" என்றார். அன்றைக்கே டிஷ் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

பழைய மாணவர் ஒருவர் கொடுத்த பெரிய டி.வி. தலைமையாசிரியர் அறையில் உறை கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வகுப்புக்குக் கொண்டுபோக இரண்டு நாள் சண்டை போட்டேன்.

"பசங்க ஒடச்சிடுவாங்கமா."

"ஒடஞ்சா நான் வாங்கித் தரேன் சார். பத்தாவது ஃபெயிலானா நீங்க வாங்கித் தருவீங்களா?"

ஒரு சனிக்கிழமை டிஷ்ஷை மாட்டினோம். மொட்டை மாடியில் சிவராஜ், படிக்கட்டில் செல்லியம்மாள், கீழே டி.வி.க்கு முன்னால் நான். செல்லியம்மாள் கூரத்துக்காரி, அவள் பையனும் அதே வகுப்புதான். சிவராஜ் ஒரு விரற்கடை திருப்புவான். நான் "வரல" என்பேன். அவள் மேலே பார்த்து "வரலியாம்பா" என்பாள். ஒன்றரை மணி நேரம் இப்படியே கழுத்து வலிக்கக் கத்தினோம். அப்புறம் படம் வந்தது. ஒரு சேனலில் ராசிக்கல் விற்றார்கள், ஒன்றில் இந்தியில் மல்யுத்தம், ஒன்றில் பஜனை. பொத்தானை அமுக்கி அமுக்கிக் கட்டை விரல் மரத்துப்போன நேரத்தில் ஒரு கரும்பலகை தெரிந்தது. ஒரு டீச்சர் முக்கோணத்துக்குள் கோடு போட்டுத் தமிழில் தேற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லியம்மாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒரு தீர்மானம் எழுதி வாசித்தார். பெற்றோரின் முயற்சியால் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாகப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடம் தடையின்றி நடைபெற்று வருகிறது, அதற்காகக் குழுத் தலைவர் ஏலவார்குழலிக்கு நன்றி தெரிவிக்கப்படுகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். என் பெயரை யாரும் அதுவரை மேடைத் தமிழில் சொன்னதில்லை. முதல் கையெழுத்து என்னுடையது.

அரையாண்டில் அகிலா இருபத்து நான்கு வாங்கினாள். "டி.வி. வெச்சுக் குடுத்தும் உனக்கு மார்க்கு வரலியா" என்று நன்றாகத் திட்டினேன். அவள் விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி கடைசியில், தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டு, டீச்சர் விஷயமாக மேல் அலுவலகத்துக்கே போனேன். அங்கே இருந்த எழுத்தர் கோப்பைப் புரட்டினார்.

"உங்க ஸ்கூலுக்கா? நவம்பர்ல போடறதுக்கு ஒரு டீச்சர் இருந்தாங்களே. வேற ஸ்கூலுக்குப் போட்டாச்சும்மா."

"நாங்க ஜூன் மாசத்துலருந்து கேட்டுக்கினு இருக்கோமே."

"நீங்களே பாடம் தடையில்லாம நடக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நடக்காத எடத்துக்குத்தானேமா மொதல்ல போடுவாங்க."

கோப்பை என் பக்கம் திருப்பினார். தலைமையாசிரியர் அனுப்பியிருந்த அந்த நன்றித் தீர்மானத்தின் நகல். முதல் கையெழுத்து, முழுப் பெயரோடு, தெளிவாக. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் நன்றியோடு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்த ஷேர் ஆட்டோவில் எனக்கு எல்லோர்மேலும் கோபம். வரதராஜன்மேல் கோபம், அந்த எழுத்தர்மேல் கோபம், கை தட்டியவர்கள்மேல்கூடக் கோபம். வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததையெல்லாம் அகிலாவிடம் கொட்டினேன்.

"நாளைக்கு மொத வேலையா அந்த டிஷ்ஷப் புடுங்கி எறியறேன் பாரு."

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டிஷ் என்னாமா பண்ணிச்சு? அதுவா கையெழுத்து போட்டுது?"

"உனக்குப் பாடம் நடக்கணும்னுதானடி எல்லாம் பண்ணேன்."

"பாடம் நடந்துச்சு. புரியுதான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

அவள் டி.வி.க்கு முன்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. பாடம் நடக்கிறதென்று வரதராஜன் எழுதினார், நான் அதை நம்பினேன். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாடிக்குப் போகவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். டி.வி. டீச்சர் நன்றாகத்தான் நடத்தினார், அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு கணக்கை மடமடவென்று முடித்துவிட்டு, "புரிந்ததா, மாணவர்களே?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். ஒரு நொடி நின்றார். "மிக நன்று" என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். வகுப்பில் ஒருவரும் வாய் திறந்திருக்கவில்லை.

எழுந்துபோய் வரதராஜனைத் தீர்மானப் புத்தகத்தோடு கூட்டிவந்தேன். வர மாட்டேன் என்றார். நான் கதவை விட்டு நகரவில்லை, அதனால் வந்தார். டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேன்.

"இப்ப நடத்துன கணக்கு புரிஞ்சவங்க கை தூக்குங்க."

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரு கைகூட எழவில்லை.

"சார், நீங்க சொல்லிக் குடுங்க."

"நான் வரலாறு வாத்தியாருமா. எனக்கே புரியல."

"அத எழுதுங்க."

"கூட்டம் போடாம எழுதக் கூடாதும்மா. அதுவும் நீங்களே கையெழுத்து போட்டதுக்கு எதிரா."

"தலைவர் நான்தான? கூட்டம் இன்னைக்கே. செல்லியம்மாளுக்கும் மத்தவங்களுக்கும் போன் போட்டுட்டேன், வந்துக்கினு இருக்காங்க. நான் போட்டது தப்புன்னே எழுதுங்க. பத்தாவதுல கணக்கு நடக்கல. கேட்டதுக்குப் பதில் சொல்ல ஆளில்ல. முப்பத்தெட்டு பேர்ல புரிஞ்சவங்க யாருமில்ல."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, அவர் எழுதினார். எழுதி முடித்ததை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அகிலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதெது புரியவில்லை என்று கேட்டேன்.

"மொதல்லருந்தேமா" என்றாள்.

பொதுத்தேர்வுக்கு ஐம்பத்தாறு நாள் இருந்தது.